இரண்டு பேர் சந்தேகப்பட்ட வரிகள்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். அப்பா, தணிக்கை ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில். அம்மா, காப்பி டம்ளரோடு. அக்கா, பத்தொன்பது வயது, கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான், பதினோரு வயது. பிறகு அத்தை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. டெல்லி சரோஜினி நகரில் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி அவர்கள் குவார்ட்டர்ஸ். அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அத்தையின் கொழுந்தன் மகன். கோவில்பட்டியில் இருந்தார்.

அத்தையின் மடியில் ஒரு புத்தகம் இருந்தது. கடையில் வாங்கியது இல்லை. அவரே ஊசி நூல் போட்டுத் தைத்தது.

எங்கள் பக்கத்தில் ஆறு தமிழ் வீடுகள் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கின. மதராஸ் ரயிலில் வந்து, மார்க்கெட்டில் அப்பளம் விற்கிற கடைக்கு வரும். அட்டையில் ஒரு சீட்டு ஒட்டி, ஆறு வீட்டு எண்களையும் எழுதியிருப்பார்கள். வீட்டுக்கு ஒரு நாள். நாங்கள் நாலாவது. அத்தை வீடு ஆறாவது. ஆறாவது வீட்டுக்கு ஓர் உரிமை உண்டு. தொடர்கதைப் பக்கங்களை வெட்டி வைத்துக்கொள்ளலாம். கதை முடிந்ததும் அத்தை தைத்துவிடுவார். அது மறுபடியும் ஆறு வீடு சுற்றும்.

அந்தக் கதை காதல் கதை. இருபத்தாறு வாரம் வந்தது. அவள் கல்லூரியில் படிக்கிறாள். அவன் பாங்கில் வேலை பார்க்கிறான். பஸ் நிறுத்தத்தில் மழை. அவன் குடையைக் கொடுக்கிறான். அவள் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். வந்தவன் குடையை மறுபடியும் விட்டுவிட்டுப் போகிறான். இப்படி நாலு தடவை. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும் என்று எழுதியது. எனக்கு வரவில்லை. நாலு தடவை குடையை மறக்கிறவனை எந்த பாங்கில் வேலைக்கு வைத்திருப்பார்கள்? அவள் வீட்டில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. அரிசி களையவில்லை. அவள் கல்லூரிக்கு டிபன் கொண்டுபோனதாக ஒரு வரிகூட இல்லை. சாயங்காலம் வரை பட்டினியாக இருந்தவள் எப்படி அவ்வளவு சிரிக்கிறாள்? படத்தில் அவளுக்குக் கண் காதுவரை இருந்தது. அதையும் நான் நம்பவில்லை.

ஆனாலும் வாராவாரம் படித்தேன். எனக்காக இல்லை. அக்காவுக்காக.

அக்கா டெல்லியில் பிறந்தவள். ஹிந்திப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. என்னை மட்டும் தென்காசியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். அஞ்சாவது வரை அங்கே. பிறகு இங்கே கூட்டிவந்து ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அங்கே எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பின்னால் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அந்த வீட்டில் அவளுக்கு இருந்ததில் எனக்கு இல்லாதது நிறைய. எனக்கு இருந்தது தமிழ் எழுத்து ஒன்றுதான்.

பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரும் நாளில், அம்மா மத்தியானம் கண்ணசந்ததும் பின்பக்க வெயிலில் உட்காருவோம். அக்கா மட்டர் பட்டாணி உரிப்பாள். நான் படிப்பேன். ஏற்ற இறக்கம் எல்லாம் கிடையாது. ரேஷன் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி படிப்பேன்.

சில இடத்தில் அவள் உரிப்பதை நிறுத்திவிடுவாள்.

“ஏக் பார் அவுர்.”

இன்னொரு தடவை படிப்பேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். தலையைக் குனிந்து மறுபடி உரிப்பாள்.

அவளுக்கும் சந்தேகம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்பா அப்படித்தான். ஆபீஸ் காகிதம் வீட்டுக்கு வரும்போது பார்த்திருக்கிறேன். ஒரு வரி சரியில்லை என்றால் இரண்டு தடவை படிப்பார். படித்துவிட்டு அடியில் பென்சில் கோடு. கேட்டதற்கு, “ஒருத்தனுக்குச் சந்தேகம்னா படிக்கணும். ரெண்டு பேருக்குச் சந்தேகம்னா கோடு போடணும்” என்றார். எனக்குக் கதை முழுவதும் சந்தேகம். அவளுக்கும் சந்தேகம் வந்த வரி என்றால் இரண்டு பேர் ஆயிற்று. நான் அப்பாவின் பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன். அக்கா பார்த்தாள். தடுக்கவில்லை. சிரித்தாள்.

‘மழை நின்ற பிறகும் இருவரும் நனைந்துகொண்டே நின்றார்கள்.’ இது ஒன்று. நின்ற மழையில் எப்படி நனைவது? மரத்தடியாக இருக்கலாம். மரம் என்று எழுதவில்லை. கோடு.

இதற்கு நடுவில் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு பயம். டெல்லிப் பெண் ஹிந்தி பேசிக்கொண்டு வந்து நிற்பாள் என்று. தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு அனுப்பினார். அம்மா யோசிக்கவே இல்லை. “பத்திரிகைய ஒரு வரி விடாமப் படிப்பா” என்று அத்தையிடம் சொல்லிவிட்டாள். அப்படியானால் பெண் கையால் நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லு என்று கோவில்பட்டியிலிருந்து வந்தது. அந்த நாலு வரியை நான்தான் எழுதினேன். அக்கா பெயரைப் போட்டேன். அப்பா அந்தப் பொய்யில் சேரவில்லை. மறுக்கவும் இல்லை.

அத்தைக்கு இது எதுவும் தெரியாது.

அன்று அவர் புத்தகத்தை அப்பா கையில் கொடுத்தார்.

“தம்பி, நீயே பாரு. பென்சிலா, இல்லியா?”

“பென்சில்தான்” என்றார் அப்பா.

“தைக்கையிலதான் பாத்தேன். மூணாம் வீட்ல கேட்டேன், எங்க வீட்ல இருந்து போறப்போ சுத்தமா இருந்துச்சுங்கா. அஞ்சாம் வீட்ல கேட்டேன், வாரப்பவே கோட்டோடதான் வந்துதுங்காவ. நடுவுல யாரு? நீங்கதான்.”

“காப்பி ஆறுது மதினி” என்றாள் அம்மா.

“காப்பி கெடக்கட்டும். கோவில்பட்டில இருந்து கடுதாசி வந்திருக்கு. தையில வச்சுக்கிடலாமான்னு கேக்காவ. நான் என்னன்னு பதில் எழுத? பொண்ணு காதல் வரியாப் பாத்துப் பாத்துக் கோடு போடுதான்னு எழுதவா?”

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். அக்கா போடவில்லை என்று அம்மாவுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரே வழிதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் கடிதம் யார் எழுதியது என்று வரும்.

“நான்தான் போட்டேன்” என்றேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீயா? எதுக்குட்டி?”

“எல்லாம் பொய். அதான்.”

“எது பொய்?”

“கதை.”

“கதைன்னா பொய்தாம்ட்டி.”

“பொறவு எதுக்கு ஆறு வீடு சுத்துது?”

“வாயப் பாரு” என்றார் அத்தை. அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா இருமினார். சிரிப்பை அப்படி மாற்றினார் என்று நினைக்கிறேன்.

“அக்காளக் காப்பாத்துதா” என்றார் அத்தை. “பதினோரு வயசுப் பிள்ளைக்கு இந்த வரியெல்லாம் என்னத்தத் தெரியும்? சரியாப் பொறுக்கி எடுத்துல்லா போட்டிருக்கு. நான் ஒண்ணு கேக்கேன், மனசுல வச்சுக்கிடாதீய. பத்திரிகை இங்க இருந்து எங்க போவுது? அஞ்சாம் வீட்டுக்கு. அங்க ஒரு பய இருக்கான், இஞ்சினீயருக்குப் படிக்கான். இங்க இருந்து கோடு போட்டு அனுப்புனா, அங்க அவன் பாப்பான். இது சேதிதான?”

இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கதை எழுதினவனுக்குக்கூடத் தோன்றியிருக்காது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நான்தான் போட்டேன் அத்தை. ஆனா அவனுக்கு இல்ல. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. டெல்லில பொறந்தவன்.”

சொன்ன பிறகு அவளுக்கே உறைத்தது. எல்லோருக்கும் உறைத்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அத்தை மெதுவாகச் சொன்னார். “நீயும்தான் டெல்லில பொறந்தவ.”

வெளியே காய்கறி விற்கிற சப்ஜிவாலா கூவிக்கொண்டு போனான்.

“படி” என்றார் அத்தை. “கோடு போட்ட வரிய மட்டும் படி. கேக்கேன்.”

அக்கா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தாள். முதல் கோடு பஸ் நிறுத்தப் படத்துக்குக் கீழே இருந்தது. அத்தை எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கத்தான். அம்மாவின் கை இன்னும் தொடையில் இருக்க, நான் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

“குடையை மறந்தவன் குடைக்காகத் திரும்பி வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்” என்றாள் அக்கா.

சரி. ஒரு எழுத்துத் தப்பவில்லை.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கோடு வந்த இடத்தில் நிறுத்தினாள். மழை வரி. அதுவும் சரி. மறுபடி திருப்பினாள்.

“அவன் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஆனால் வீடு முழுக்க அது கேட்டது.”

நான் படித்த மாதிரி இல்லை அது. நான் படித்தபோது அது ரேஷன் கடைப் பலகை. அவள் சொன்னபோது அம்மா கிள்ளிய கையை எடுத்துவிட்டாள். மூன்றாவது வரிக்குப் பிறகு அக்கா பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கை மட்டும் திருப்பியது. கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் அத்தையும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். மோவாயில் கை வைத்திருந்தார்.

கடைசிக் கோடு முடிந்தது. அத்தை புத்தகத்தை வாங்கி மூடினார். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

“நல்லாத்தான் படிக்கா” என்றார் அம்மாவிடம். “இந்தக் கோடு போடுத பழக்கத்த மட்டும் விடச் சொல்லு. போற எடத்துல தப்பா எடுத்துக்கிடுவாவ.” வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “தையிலயே வச்சுக்கிடுவோம்” என்றார்.

அவர் தெரு திரும்பும் வரை யாரும் அசையவில்லை. பிறகு அம்மா உள்ளே போய் அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன்.

“ஆபீஸ் பழக்கத்த வீட்ல வச்சுக்கிடாத” என்றார். அவ்வளவுதான்.

தையில் கல்யாணம் நடந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று கோவில்பட்டியில் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. சண்டை வரும் என்று அம்மா ஒரு மாதம் தபாலுக்குப் பயந்தாள். வரவில்லை. அக்கா ஹிந்தியில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். வேலை முடிந்து வந்ததும் மாப்பிள்ளை தொடர்கதையை அவளுக்குப் படித்துக் காட்டுகிறாராம். நான் நம்பவில்லை. இரண்டு வருஷம் கழித்து நேரில் போய்ப் பார்த்தபோதுதான் நம்பினேன். என்னைவிட மோசமாகப் படித்தார்.

அன்றைக்கு அக்கா தப்பித்தாள் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. நல்ல ஞாபகசக்தி என்று நினைத்துக்கொண்டேன். பின்னால்தான் தோன்றியது, சந்தேகப்பட்ட வரியை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அப்பா எவ்வளவோ வரிகளுக்குக் கோடு போட்டார். ஒன்றையாவது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னதில்லை. இரண்டு பேருக்குச் சந்தேகம் என்று நினைத்துப் போட்ட கோடுகளில், சந்தேகப்பட்டது நான் ஒருத்திதான். அத்தை சொன்னது சரி. சரியாகப் பொறுக்கித்தான் எடுத்திருந்தது. பொறுக்கியவள் நான் இல்லை.

ஒரு வரியையும் நான் அவளுக்கு இரண்டு தடவைக்கு மேல் படித்ததில்லை. அவள் சொல்லச் சொல்ல, எங்கே தப்பு வரும் என்று சுவரோரம் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தப்பு வரவில்லை.

பதினாலு வரி.