கடல் பசுவின் முதுகுக் கொழுப்பு

பாக் நீரிணையில் நான் கவனித்துவந்த பெண் ஆவுளியா, அதாவது கடல் பசு, இறந்து கரை ஒதுங்கியபோது அதன் வயிறு அழுகிச் சிதைந்திருந்தது. கடைசி மாதங்களில் அது கூட்டத்தை விட்டு விலகி மெதுவாக மேய்ந்தது. மூச்செடுக்க அடிக்கடி மேலே வந்தது. நோயா, சினையா? சினைக் காலத்து ஹார்மோன் கொழுப்பில் தங்கும். நான் வெட்டி எடுத்த முதுகுக் கொழுப்புத் துண்டு ஒன்றுதான் இனி அதைச் சொல்ல முடியும்.

உரிய அனுமதியோடு கொச்சி ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குமுளி மலைச்சாலையில் மண் சரிந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கம்பத்தில் பெற்றோர் வீட்டில் தங்கி, கொழுப்பு இருந்த டப்பாவை ஃப்ரீசரில் வைத்தேன். மேலே என் வழக்கப்படி தெளிவாக எழுதியிருந்தேன்: 'கடல் பசு, முதுகுக் கொழுப்பு.' படகுக்காரர்களைப் போல 'ஆவுளியா' என்று எழுதியிருந்தால் வீட்டில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காலையில் டப்பா இல்லை. ஃப்ரீசரில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

"பால் பாக்கெட்டு எடுக்கத் தொறந்தேன், ஈரக்கொலையே நடுங்கிருச்சு," என்றார் அம்மா. "சீமைப் பசு தெரியும். கடல் பசுன்னா கப்பல்ல வந்ததா? அதக் கூறு போட்டுப் பாலுக்குப் பக்கத்துலயா வைப்ப?"

"அப்பா எங்க?"

"தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாக. நம்ம வீட்டுக்கு வந்த பசு மரியாதையாப் போகட்டும்னாக."

எங்கள் குடும்பத்தில் மாடு செத்தால் அறுக்க விடுவதில்லை. மஞ்சள் பூசி, புதுத்துணி சுற்றி, பால் ஊற்றிப் புதைப்பது வழக்கம். நான் ஓடிச் சேர்ந்தபோது, திராட்சைப் பந்தலுக்கு அப்பால் அப்பா குழியை மூடி முடித்திருந்தார். தோண்டினேன். துணி முழுக்கப் பாலில் ஊறிக் கிடந்தது, கொழுப்பு இளகியிருந்தது. பசும்பாலிலும் அதே ஹார்மோன் உண்டு. எது கறவை மாட்டினுடையது, எது ஆவுளியாவினுடையது என்று இனி எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. என் ஆய்வறிக்கையில் அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

அது மாடு இல்லை, யானைக்குத் தூரத்து உறவு, கடலுக்குள் புல் மேய்வது என்று விளக்கினேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பால் குடுக்குமா?"

"குட்டிக்குக் குடுக்கும்."

"பெறகென்ன ஆத்தா, பசுதான."

துணியை மறுபடி மடித்துக் குழியில் வைத்தேன். அவர் மண்ணைத் தள்ளவில்லை.

"சினையா இருந்துச்சா?"

"தெரியலப்பா. அதத் தெரிஞ்சுக்கத்தான் கொண்டுபோனேன்."

அவர் முகம் மாறியது. பால் செம்பை எடுத்தார். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"சினைன்னே வச்சுக்கிட்டு, கன்னுக்கும் சேத்து ஊத்திருவமா?"

"ஊத்துங்க," என்றேன்.