மீனுக்குக் கூச்சமா கீது

போன வாரம் இந்தப் பக்கத்தில் 'இந்த வருடத்தின் பெஸ்ட்' லிஸ்ட் போட்டேன் அல்லவா? பாட்டு ஒன்று, சீரியல் ஒன்று, படம் ஒன்று. அதில் ஒரு தப்பு. சின்னத் தப்புதான் என்று சொல்ல ஆசை... ஆனால் அதனால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது.

பாட்டில் தப்பில்லை. அதற்கு என் முறையே தனி. திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, ஒரு பாட்டு ஓடும்போது எத்தனை பேர் இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கைக் கோட்டை விடுகிறார்கள் என்று பார்ப்பேன். இந்த வருடப் பாட்டுக்குத் தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டிய நானே தேரடி வரை போய்விட்டேன். இதைவிடப் பெரிய அவார்டை எந்தக் கமிட்டி கொடுத்துவிடும்?

சீரியலிலும் தப்பில்லை. மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் மருமகள் முகத்தை மூன்று தடவை காட்டாத ஒரே சீரியல் அது. போதாதா?

படத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

நம் ஏரியாவிலேயே எடுத்த படம். பெயரை மறுபடி எழுதி விளம்பரம் கொடுப்பதாக இல்லை. அதில் மீன் மார்க்கெட் சீன் ஒன்று வரும். ஒருவர் மீனின் செவுளைத் தூக்கி மோந்து பார்ப்பார். மீன்கார அம்மா, "யோவ் சாவுகிராக்கி, வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி நட்ய கட்டு" என்று வெளுத்து வாங்குவார். தியேட்டரே விசில் அடித்தது. நானும் அடித்தேன்.

வந்து இந்தப் படத்தையே லிஸ்டில் போட்டு எழுதினேன்: 'இது யாரும் எழுதிக் கொடுத்த வசனம் அல்ல. அந்த அம்மாவின் சொந்த வாய். இந்த வருடத்தின் சிறந்த வசனம் இதுதான்.'

அடித்துச் சொன்னேன். ஜனங்களின் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பதே நமக்குப் பிழைப்பு, நம் காதுக்குத் தெரியாததா என்ற திமிர்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். வழக்கமாக மல்லிகாவிடம்தான் வாங்குவேன். அன்றைக்கு அவர் மீனையே காட்டவில்லை.

"நைனா, மீனு அப்பால வாங்கலாம். மொதல்ல பின்னாடி லைனுக்கு வா. உன்னிய ஒருத்தி தேடிகினு கீறா."

பின்வரிசையில், அருவாமனைக்குப் பின்னால், நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க பெண். பார்த்ததும் தெரிந்துவிட்டது... படத்தில் வந்த அதே முகம்! பெயர் ஸ்டெல்லா. நான் சந்தோஷமாகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நீதான் பேப்பர்ல எயுதறவரா?"

"ஆமாம்மா."

"என் வாயி எப்டி இருக்கும்னு நீ எப்ப கேட்ட?"

எனக்குப் புரியவில்லை. மல்லிகா பக்கத்தில் நின்று, "மூஞ்சிதான் நைனா இவுளுது. வாயி எவுளுதோ" என்றார்.

விஷயம் இதுதான். ஷூட்டிங்குக்கு வந்தவர்கள் ஸ்டெல்லாவைப் பிடித்து உட்கார வைத்து, "நீங்க எப்பவும் பேசுற மாதிரியே பேசுங்க" என்றிருக்கிறார்கள். அவரும் பேசியிருக்கிறார். படம் வந்தபோது பார்த்தால் வேறு யாரோ ஒரு பெண்ணின் குரல். வேறு பேச்சு. ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவில்லை.

அது போகட்டும். ஸ்டெல்லாவின் மகளுக்கு எண்ணூரில் ஒரு வரன் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றும் அளவுக்கு வந்திருந்தது. பையனின் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்திருக்கிறார். இவ்வளவு வாயா, பெண்ணும் இப்படித்தானே இருக்கும் என்று. ஸ்டெல்லா நேரில் போய், "அது டப்பிங் சம்பந்தி, என் கொரலே இல்ல" என்று சொல்லிப் புரியவைத்திருக்கிறார். அந்த அம்மாவும் நம்பிவிட்டார்.

அதற்குள் என் லிஸ்ட் வந்துவிட்டது.

"அந்தம்மா பேப்பர கையில வச்சிகினே போன் போடுது. 'சொந்த வாயின்னு அச்சில போட்டுக்கீதே, நீ சொன்னது பொய்யா, பேப்பர் சொல்றது பொய்யா'ன்னு கேக்குது. நா இன்னா பதில் சொல்றது? எம்பொண்ணு ரெண்டு நாளா சோத்துல கைய வெக்கல."

'சொந்த வாய்' என்று எழுதும்போது எவ்வளவு ரசித்து எழுதினேன்!

ஸ்டெல்லா விடவில்லை. "ஒண்ணு கேக்குறேன். வாங்க வர்றவன நாங்க இன்னான்னு சொல்வோம்?"

"கிராக்கி."

"காலைல மொத கிராக்கி வந்தா காசத் தொட்டு கண்ணுல ஒத்திக்குவோம். அந்தக் கிராக்கிய, சாவுன்னு நானே சொல்வேனா? ஏவாரம் பண்றவ வாயில அது வருமா? திட்னா அவன் பக்கத்துக் கூடைக்குப் பூடுவான்."

"என் கூடைக்குத்தான். வரட்டுமே!" என்றார் மல்லிகா.

சுற்றிக் கூடிவிட்டிருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 'சாவுகிராக்கி' என்ற வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பேன், எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அதற்குள் ஒரு கிராக்கி உட்கார்ந்திருப்பதும், அவரை நம்பிப் பிழைப்பவர் அதைச் சொல்லவே மாட்டார் என்பதும் ஒரு நாளாவது உறைத்ததா?

"சரிம்மா... அன்னிக்கு நீங்க என்னதான் பேசினீங்க?"

மல்லிகா தன் போனில் அந்த சீனை எடுத்தார். சத்தத்தை மொத்தமாகக் குறைத்தார். ஸ்டெல்லா கையிலிருந்த சங்கரா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரையில் தன் உதடு அசைய அசையப் பேசினார்:

"போதும் நைனா, எம்மா நேரம் மோந்து பாப்ப? மீனுக்குக் கூச்சமா கீது. அதும் கண்ண பாரு... உன்னியே பாத்துகினு கீது. வூட்டுக்கு இட்டுகினு போ."

அச்சு அசலாகப் பொருந்தியது. 'போதும்', 'மோந்து', 'பாப்ப' என்று அவர் சொல்லும் இடத்தில் எல்லாம் திரையில் உதடு மூடித் திறக்கிறது. சத்தத்தைக் கூட்டி மறுபடி பார்த்தேன். டப்பிங் குரல் 'சாவுகிராக்கி' என்று வாயைப் பிளக்கும்போது படத்தில் ஸ்டெல்லாவின் உதடு மூடியிருக்கிறது! அதோடு அவர் கோபமாகவே இல்லை. சிரித்துக்கொண்டிருக்கிறார். தியேட்டரில் எனக்குக் காது மட்டும்தான் இருந்திருக்கிறது போல.

இதற்கு நடுவில், நிஜமாகவே ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், சட்டென்று அதைக் கீழே விட்டு, "இத்தயே வெட்டிக் குடும்மா" என்றார். வெட்கப்பட்டது மீனா, அவரா தெரியவில்லை.

"திருத்திப் போட்டுடறேன்மா. உங்க பேரைப் போடலாமா?"

"போடு. பெர்சா போடு. அந்தம்மா பேரு மட்டும் வாணாம். நாளிக்கி சம்பந்தி."

ஆபீஸுக்குப் போன் செய்தேன். பக்கம் பார்க்கும் தம்பி, "சார், திருத்தம்னா கடைசிப் பக்கத்துல மூணு வரிதான் போடுவோம்" என்றார்.

"தப்பு எங்கே நடந்தது? என் பத்தியில். திருத்தமும் அங்கேதான். முழுசாக" என்றேன். "சரி சார்" என்றார் தம்பி.

வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். நம் பாஷையை வெளியூர்க்காரர்கள் சினிமாவில் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று எத்தனை பத்தி எழுதியிருப்பேன்! கடைசியில் விசில் அடித்தது யார்? நான்தான். சத்தமாகத் திட்டினால் அது மெட்ராஸ் பாஷை, சிரிப்பு மூட்டி ஆளை வளைத்துப் போட்டால் வெறும் பேச்சு... இந்த அளவுகோலை என் கையில் கொடுத்தது யார்? யாரும் கொடுக்கவில்லை. படம் பார்த்துப் பார்த்து நானே செய்துகொண்டது.

சரி, திருத்திய லிஸ்ட் இதோ. பாட்டு, அதேதான். சீரியல், அதேதான். அவற்றில் யார் வந்து சண்டை போட்டாலும் அசைய மாட்டேன். படத்தை இறக்கிவிட்டேன். வருடத்தின் சிறந்த வசனம்: ஸ்டெல்லா, காசிமேடு, பின்வரிசை. எந்தத் திரையிலும் கேட்காதது. முப்பது பேர் நேரில் கேட்டோம்.

எண்ணூர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டீர்களே, யார் சொன்னது பொய் என்று... பேப்பர் சொன்னதுதான் பொய். எழுதியவன் நான். உங்கள் சம்பந்தி சொன்னது அத்தனையும் நிஜம். சந்தேகம் இருந்தால் படத்தைச் சத்தமில்லாமல் போட்டு அவர் உதட்டைப் பாருங்கள். அதைவிட, ஒரு நாள் காலையில் காசிமேட்டுக்கே வந்து அவர் கூடை முன்னால் நின்று பாருங்கள்.

ஒன்று மட்டும்... செவுளைத் தூக்கி ரொம்ப நேரம் மோந்து பார்க்காதீர்கள். கூச்சமா கீதாம்!