சிகாகோக்காரன் வரும் நாள்

சாசேஜைக் குத்தக் கூடாது, இடுக்கியால்தான் புரட்ட வேண்டும். பக்கத்து அடுப்புக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டே லென்னி என்று எல்லாரும் கூப்பிடும் லெனர்ட் குபியாக் தன் பிக்கப் வண்டியின் பின்பலகையைச் சாய்த்து, அதன்மேல் வெங்காயம் நறுக்குகிறார். அலுமினியத் தட்டில் பியர் கொதிக்கிறது. வெங்காயம் அதில் போகும். சாசேஜ் அதில் கிடந்து வெந்த பிறகே கரிக்கு மேலே ஏறும். மில்வாக்கி பேஸ்பால் மைதானத்தின் பார்க்கிங் திடல் முழுக்க இப்படி அடுப்புகள் புகைகின்றன. மற்றவர்கள் சிரிப்பும் பாட்டுமாகச் சமைக்க, லென்னி மட்டும் ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

உயரமான மனிதர். இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டதால், யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் கோழியைப் போலத் தலையை ஒருக்களிப்பார். நகராட்சியில் சாலைக்கோடு வரையும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வண்ணம் இன்னும் அவருடைய பூட்ஸின் மடிப்புகளில் இருக்கிறது. ஒரு காதில் எப்போதும் ரேடியோ. மைதானத்துக்குள் உட்கார்ந்து கண்ணெதிரே ஆட்டம் நடக்கும்போதும் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "என் கண்ண எனக்கே நம்பிக்கையில்ல. அவன் சொல்லட்டும், அப்புறம் கத்திக்கலாம்" என்பார். அதனால் பக்கத்திலிருப்பவர்கள் எல்லாரும் கத்தி முடித்த பிறகு, லென்னியின் கத்தல் தனியாகக் கேட்கும்.

அவருக்குப் பிடிக்காதவை பல. அதில் முதலிடம் சிகாகோ. அந்த வெறுப்பு பிறவியிலேயே வந்ததல்ல என்பதை அவரே ஒப்புக்கொள்வார். தொண்ணூற்று எட்டில் மில்வாக்கி அணியை ஒரு லீக்கிலிருந்து பெயர்த்து இன்னொரு லீக்கில் நட்டார்கள். "அதுவரைக்கும் டெட்ராய்ட்ட திட்டித் திட்டி வாய் பழகியிருந்துச்சு. ஒரு நாள் காலைல எந்திரிச்சா, டெட்ராய்ட் யாரோ, நான் யாரோ. சிகாகோவ வெறுக்கணுமாம். புதுசா வெறுக்கக் கத்துக்கிறதுன்னா சும்மாவா? மூணு வருஷம் ஆச்சு."

அந்தப் பாடத்துக்குக் குடும்பத்திலேயே ஆள் இருந்தார். மனைவி ரொசானாவின் அண்ணன் ஆல்டோ மாரினெல்லி, பரம்பரைச் சிகாகோ ரசிகர். இரண்டு அணிகளும் ஒரே பிரிவில் சேர்ந்து வருடத்துக்குப் பல முறை மோதத் தொடங்கியதும், மில்வாக்கியில் நடக்கும் ஒவ்வொரு மோதலுக்கும் ஆல்டோ சிகாகோவிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சில வருடங்களில் லென்னியும் ரொசானாவும் பிரிந்தார்கள். வீடு யாருக்கு, கார் யாருக்கு, நாய் யாருக்கு என்பதையெல்லாம் நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆல்டோ யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

ரொசானா இப்போது சிகாகோவில் அண்ணனின் மாடிவீட்டில் குடியிருக்கிறார். அதனால் லென்னி அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் சிகாகோ அணி மில்வாக்கிக்கு வரும்போதெல்லாம் ஆல்டோ வருகிறார். பேஸ்பால் பார்க்கப் போகிறவனை யார் தடுக்க முடியும்? திரும்பி வரும் அண்ணனிடம் ரொசானா கேட்பது ஒன்றுதான்: "யாரு ஜெயிச்சா?" மற்ற நாட்களில் லென்னியும் ஆல்டோவும் போனில்கூடப் பேசுவதில்லை. ஒரு பனிக்காலத்தில் லென்னி எண்ணைத் தட்டிவிட்டார். எடுத்த பிறகு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "புது பிட்சர் யாராச்சும் எடுத்தீங்களா?" என்றார். "இல்ல" என்றார் ஆல்டோ. அத்துடன் முடிந்தது. இதற்கு நட்பு என்று பெயர் வைக்கலாமா என்பது தெரியவில்லை. பெயரில்லாமலேயே அது பல வருடங்கள் ஓடிவிட்டது.

செப்டம்பர் ஞாயிறு மதியம். அந்தப் பருவத்தில் சிகாகோ இங்கே ஆடும் கடைசி ஆட்டம். சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. நீலத் தொப்பியும் ஆபரேஷன் செய்த முழங்காலுமாக ஆல்டோ இறங்கினார்.

"என்ன மாப்ள, இன்னும் உசிரோடதான் இருக்கியா?"

"உனக்காகத்தான் தள்ளிப்போட்டிருக்கேன் மச்சான். உங்க டீம் தோக்கறத உன் மூஞ்சிலதான பாக்கணும்."

"பாத்துட்டே இரு. ஒரு கண்ணுதான் இருக்கு, அதுவும் போயிரும்."

லென்னி ஒரு பன்னில் சாசேஜை வைத்து, மச்சான் பார்க்கும்படியாகத் தக்காளி சாஸை நீளமாகப் பிழிந்தார். சாசேஜின்மேல் தக்காளி சாஸ் ஊற்றுவது சிகாகோக்காரர்களுக்குக் கொலைக்குச் சமம். ஆல்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவருக்கென்று கடுகு விழுதும் புளித்த முட்டைக்கோசும் மட்டும் வைத்த இன்னொன்று வந்தது. ஒவ்வொரு முறையும் இதே நாடகம்.

பக்கத்து அடுப்பு யோலண்டா பிரியெட்டோவுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், குரலும் அதற்கேற்ற குரல்தான். "டிவோர்ஸாகி இத்தன வருஷமாச்சு, இன்னும் என்ன மச்சான் மாப்ள?" என்றார்.

"டிவோர்ஸ் பண்ணது அவ. நான் பண்ணலியே" என்றார் ஆல்டோ.

பேச்சு அந்த வருட ஆட்டங்களுக்குப் போனது. பிரிவில் மில்வாக்கி முதலிடம், சிகாகோ இரண்டு ஆட்டம் பின்னால். பந்து வீசும் பிட்சர்களின் தோள், இறுதிச் சுற்றுகள் நடக்கும் அக்டோபர் வரைக்கும் தாங்குமா என்று லென்னிக்குக் கவலை. தங்கள் அணிக்குத் தோளே இல்லை, கவலையும் இல்லை என்றார் ஆல்டோ. அப்போதுதான் யோலண்டா போனை நீட்டினார்.

"பெரிசு, இத பாத்தியா? புதுசா ரெண்டு டீம் சேக்கப் போறாங்களாம். அப்படியே எல்லாப் பிரிவையும் கலைச்சுட்டு மறுபடி பிரிக்கப் போறாங்களாம். ஒருத்தன் மேப் போட்டிருக்கான். சிகாகோல இருக்கிற ரெண்டு டீமையும் டெட்ராய்ட்டோட சேத்துட்டான். நம்மள மின்னியாபொலிஸ் பக்கம் தள்ளிட்டான்."

லென்னி தலையை ஒருக்களித்துப் பார்த்தார். மில்வாக்கிக்கும் சிகாகோவுக்கும் நடுவே சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

"நானும் காலம் பூரா கோடு போட்டவன்தான். குடிச்சிருந்த அன்னிக்குக்கூட இவ்ளோ கோணலா போட்டதில்ல."

"அது வெறும் பேச்சும்மா, ஒண்ணும் முடிவாகல" என்றார் ஆல்டோ. ஆனால் வாங்கிப் பார்த்த போனைத் திருப்பித் தரவில்லை. "அப்படிப் பிரிச்சா நாங்க இங்க எத்தன தடவ வருவோம்?"

"வேற வேற பிரிவுன்னா வருஷத்துக்கு ஒரு தடவதான். அதுவும் ஒரு வருஷம் இங்க, ஒரு வருஷம் அங்க" என்றார் யோலண்டா.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ" என்றார் லென்னி. கரியின் மேலிருந்த சாசேஜைப் புரட்டினார். அது ஏற்கெனவே புரட்டியதுதான். "எங்க வயசுல அது பெரிய இடைவெளிம்மா."

யோலண்டா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "போகட்டும் விடு பெரிசு, மின்னியாபொலிஸ்காரன வெறுத்துக்கலாம்" என்றார். லென்னி மறுத்தார். "மறுபடியும் முதல்லேருந்தா? எனக்குத் தெம்பில்ல. அவங்க வேற ரொம்ப நல்லவங்க."

மைதானத்துக்குள், ஆறாவது இன்னிங்ஸின்போது, ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கும் சாசேஜ் வேடமிட்டவர்களின் ஓட்டப்பந்தயம். போலந்து சாசேஜுக்கு லென்னி, இத்தாலிய சாசேஜுக்கு ஆல்டோ, மெக்சிகோ சாசேஜுக்கு யோலண்டா. வழக்கமாக ஆல்டோ எழுந்து நின்று கத்துவார். அன்று உட்கார்ந்தே இருந்தார். இத்தாலிய சாசேஜ் முதலில் வந்ததைக்கூட யோலண்டாதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மில்வாக்கி ஒரு ஓட்டம் முன்னால். லென்னி காதிலிருந்து ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். தன் அணி ஜெயிக்கும் நிலையிலிருந்தால் அவரால் கடைசி இன்னிங்ஸைப் பார்க்க முடியாது. இருக்கைகளுக்குப் பின்னாலிருக்கும் நடைபாதையில், உப்பு ரொட்டிக் கடையை ஒட்டிய சுவரில் சாய்ந்து நிற்பார். சாதாரண நாட்களில் கூட்டத்தின் இரைச்சலே முடிவைச் சொல்லிவிடும். சிகாகோ நாட்களில் அது நடக்காது. பாதிக் கூட்டம் அவர்களுடையது. எந்த இரைச்சல் யாருடையதென்று தெரியாது. அதனால் ஆட்டம் முடிந்ததும் ஆல்டோ வந்து சொல்வார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒளிக்காமல் சொல்வார்.

அன்று ஆட்டம் முடிவதற்கு முன்பே ஆல்டோ நொண்டிக்கொண்டு வந்தார்.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"இல்ல. ரெண்டு அவுட்டு, இன்னும் ஒண்ணு பாக்கி. எங்காளு ஒருத்தன் பேஸ்ல நிக்கிறான்."

"அப்ப போய்ப் பாருடா. உங்காளுங்க ஜெயிச்சாலும் ஜெயிச்சிருவாங்க."

"ஜெயிக்கட்டும்." ஆல்டோவும் சுவரில் சாய்ந்தார். "இப்படி நின்னா என்னதான் தெரியுதுன்னு பாக்கலாம்னு வந்தேன்."

இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு இரைச்சல் எழுந்தது, அடங்கியது, மறுபடி பெரிதாக எழுந்தது. சொல்ல வேண்டியவரும் கேட்க வேண்டியவரும் இங்கேயே நின்றால் முடிவை யார் சொல்வது? கடைசியில் உப்பு ரொட்டிக்காரிதான் தலையை நீட்டி, "நாமதான்" என்றாள்.

"வருத்தமா மச்சான்?" என்றார் லென்னி.

"பசிக்குது" என்றார் ஆல்டோ.

பார்க்கிங் திடலில் அடுப்பை அணைத்தார்கள், மிச்சமிருந்ததைத் தின்றார்கள். ஆல்டோ தான் கொண்டுவந்திருந்த அலுமினிய மடக்கு நாற்காலியைக் கார் டிக்கிக்குத் தூக்கிக்கொண்டு போனார். லென்னி பின்னாலேயே போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஆடுதே மச்சான்."

"எது?"

"பின்னங்கால். என்னிக்காச்சும் உன்னக் கவுத்துரும்."

"மேட்ச்சுக்கு முன்னாடி அதுல தான உக்காந்திருந்தேன். ஆடலியே."

"உன் வெயிட்டுக்குப் பயந்துட்டு ஆடாம இருந்திருக்கும். விட்டுட்டுப் போ. சரி பண்ணி வைக்கிறேன், வந்து எடுத்துக்க."

"இனிமே அடுத்த வருஷந்தான் மேட்ச்சு."

"நாற்காலிக்கும் மேட்ச்சுக்கும் என்னடா சம்பந்தம்?"

ஆல்டோ நாற்காலியைப் பார்த்தார். அதை இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை.

"ரொசானா கேப்பா. மேட்ச்சே இல்லாம எங்க போறேன்னு."

"நாற்காலி எடுக்கப் போறேன்னு சொல்லு. பொய்யில்லையே."

ஆல்டோ கையை எடுத்தார். டிக்கியைச் சாத்தினார். "நவம்பருக்குள்ள ரெடியாயிருமா?"

"இழுத்துக்கிட்டே போற வேல. வந்து பாரு. ஆகலேன்னா இன்னொரு தடவ வந்துக்க."

சாம்பல் நிறக் கார் மற்ற கார்களோடு வரிசையில் கலந்து, தெற்கே போகும் சாலைக்குத் திரும்பியது. லென்னி பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து, நாற்காலியை மடியில் கவிழ்த்துப் போட்டு உலுக்கிப் பார்த்தார். நான்கு கால்களும் கல்லாக நின்றன. யோலண்டாவின் பக்கம் ஒரு முறை பார்த்தார். அவர் கரியைக் கொட்டிக்கொண்டிருந்தார். லென்னி பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். தலையை ஒருக்களித்து, நல்ல கண்ணைக் கிட்டே கொண்டுபோய், கத்தி முனையைப் பின்னங்கால் திருகாணியில் பொருத்தினார். கால் நன்றாக ஆடும் வரை அதை இடப்பக்கமாகத் திருகித் தளர்த்தினார்.