மூன்றாம் தரம் வந்த பயற்றமுளை

அன்றைக்கு மேசையில் இருந்தது ஐந்து பேர்: நான், என் மனைவி, எங்கள் மகள், மனைவியின் தமையன், அவருடைய மனைவி. பிறகு கதை கேட்டவர்கள் எல்லாம் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்ததுபோலப் பேசுகிறார்கள்.

லண்டனில், சட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு கொரியன் கடை. கூப்பிட்டது மச்சான்தான். வெள்ளிக்கிழமை, நானும் மனைவியும் சைவம் என்று சொல்லியும் விடவில்லை. எனக்கு அந்த மாதம் ஷிப்ட் குறைவு. அதனால் மகளுக்குக் கோழி போட்ட சோறு, எங்களுக்கு இரண்டு கிண்ணம் வெறும் சோறு. மச்சான் வீட்டாருக்கு மேசை அடுப்பில் வாட்டும் இறைச்சி, தட்டுத் தட்டாக.

கேட்காமலே சின்னத் தட்டுகள் வந்து மேசையை நிறைத்தன. பயற்றமுளை, கீரை, முள்ளங்கி, ஊறவைத்த உறைப்பு முட்டைக்கோவா. ஒவ்வொன்றுக்கும் காசு போடுவார்களோ? மகளை விட்டுக் கேட்டேன்.

“சும்மாதானாம் அப்பா. முடிஞ்சா திரும்பவும் தருவினமாம்.”

நம்பாமல் இன்னொரு தரம் கேட்கச் சொன்னேன். எங்களுக்குச் சைவம் என்று அறிந்ததும், பரிமாறிய பெண் மீன் சாறு சேர்த்த கோவாவை எடுத்துவிட்டுக் கீரையைக் கூட்டி வைத்தாள்.

பிறகென்ன, சோறும் கறியும்தானே. பயற்றமுளை மூன்றாம் தரம் வந்தபோது மச்சான் சிரித்தார்.

“என்ன மச்சான், ஓசியெண்டா தட்டையும் கடிப்பியள் போல?”

அவர் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. என் மனைவி தலை குனிந்தாள். கோயில் பந்தியில் ஒருவன் மூன்றாம் தரம் பருப்புக் கேட்டால் பரிமாறுகிறவனுக்கு முகம் மலரும். அந்தப் பெண்ணின் முகமும் மலர்ந்துதான் இருந்தது. நான்காம் தரமும் கேட்டேன்.

பில் வந்தது. “ரெண்டு குடும்பம், சரிபாதி. வீட்டுக்கு அறுபத்திநாலு பவுண்ட்,” என்றார் மச்சான்.

“நான் சாப்பிட்டது ஓசியெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? ஓசிக்கு என்ன பங்கு?”

மகளின் சோற்றுக்குப் பதினைந்து, எங்கள் சோற்றுக்கு ஆறு. எண்ணி வைத்தேன்.

“படிக்காத ஆக்களோட வந்தா இப்பிடித்தான்,” என்றார் மச்சான்.

“ஓம், எட்டாம் வகுப்புத்தான். கழிக்கத் தெரியும்.”

மிச்சத்தை அவர் கட்டினார். கலியாண வீடுகளில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். “குடுத்துத் துலையுங்கோவன்,” என்கிறாள் மனைவி. ஆனாலும் கொடுக்கப் போவதில்லை. அவர் கணக்கில் நான் இன்னும் தரவேண்டியது நாற்பத்து மூன்று பவுண்ட்.