கால் வலியைச் சொல்லாதே என்றேன்

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குச் சென்னை போயிருந்த மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பேசுவாள். எனக்கும் ஞாயிறுதான் கூட்டமான நாள். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது என் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாருடைய முதுகிலாவது கை இருக்கும், கண் போனில் இருக்கும். கயிற்றிலிருந்து விழுந்திருப்பாளோ, துப்பாக்கி தவறி வெடித்திருக்குமோ என்று மனது ஓடிக்கொண்டே இருக்கும். பேசியதும் முதலில் சொல்வது, "முடியலன்னா வந்துருட்டி."

குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. அதிகாரியாகப் போனவள் இவள் ஒருத்திதான். போய் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள். வலி என்று டாக்டரிடம் போகக்கூடாது, உடம்பு சரியில்லாதவர் என்று பெயரில் எழுதிவிடுவார்கள், அப்புறம் மேலே வரமுடியாது. அதை நான் அப்படியே நம்பினேன்.

மூன்றாவது மாதம் அவள் கேட்டாள்.

"முட்டுக்குக் கீழ எலும்புல சுருக்கு சுருக்குன்னு குத்துதுப்பா. டாக்டர்ட்ட காட்டட்டா?"

"காட்டாத. எழுதிருவாவ. எண்ணெய் காய்ச்சி அனுப்புதேன், நல்லா அழுத்தித் தேயி."

"ரூமே நாறும்ப்பா. நீங்க முன்ன குடுத்துவிட்ட தைலத்துக்கே இங்க ஒருத்தி என்னைய வைத்தியசாலைன்னுதான் கூப்பிடுதா."

"கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறா. இருபது வருசமா எத்தன காலப் பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதாட்டி?"

எனக்குத் தெரியவில்லை. அது சதை வலி அல்ல. எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல். அதன்மேல் எண்ணெயை அழுத்தித் தேய்த்துக்கொண்டு, முதுகில் பையோடு இரண்டு மாதம் ஓடியிருக்கிறாள். ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் விழுந்த பிறகுதான் படம் எடுத்தார்கள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டாராம். "நேத்துல இருந்து" என்றாளாம்.

கால் கூடும்வரை ஓய்வு, பிறகு அடுத்து வருகிறவர்களோடு அதே பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

"நான் வந்துருதேன்ப்பா."

"காலு சரியாயிரும்லா?"

"காலு சரியாயிரும். என்கூட சேந்தவளுவ தோள்ல ஸ்டார் வாங்கிட்டுப் போவாளுவ. அன்னைக்கு நான் கம்ப ஊனிட்டு ஓரமா நிக்கணும். பெறகு மொதல்ல இருந்து. ஓட முடியலன்னு விட்டுட்டுப் போறவங்க கொஞ்சம்தான்ப்பா. இப்படிப் பின்னால தள்ளிட்டாதான் நெறைய பேரு போயிருதாங்க."

"கொஞ்சம் பொறுத்துப் பாரேன்."

"வந்துரு வந்துருன்னு சொன்னது நீங்கதான?"

நான்தான். வருகிறேன் என்று அவளே சொன்னபோது சந்தோஷம் வரவில்லை. பயமும் வரவில்லை. ஏதேதோ நினைத்து ஓடும் மனது நின்றுபோயிருந்தது. அன்று இன்னும் நான்கு பேருக்கு எண்ணெய் தேய்த்தேன். யார் யார் என்று நினைவில்லை.

விலகுவதற்குச் சம்மதம் என்று பெற்றவர் கைப்பட இங்கிலீஷில் எழுதித் தரவேண்டுமாம். அவள் போனில் அனுப்பியதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். அரை நாள் ஆனது. தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு எடுத்துப்போனேன். ஸ்கேன் எடுக்க வாங்கிய பெண் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ரொம்ப முடியல, மக பக்கத்துல இருந்தே ஆகணும்னு எழுதியிருக்கீங்களே."

வெளியே வந்து மகளைக் கூப்பிட்டேன்.

"எனக்கு என்னட்டி நோவு?"

"காலுன்னு எழுதுனா எப்ப இருந்து வலிச்சுது, ஏன் மறைச்சன்னு நோண்டுவாங்கப்பா. நான் என்ன சொல்ல? எங்கப்பா எண்ணெய் குடுத்தாருன்னா?" என்று சிரித்தாள். "இதுன்னா சீக்கிரம் விட்டுருவாங்க."

எண்ணெய் கொடுத்ததையே எழுதிவிடுவோம், என்னால்தான் என்று எழுதிவிடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. அவள் "ஹலோ, ஹலோ" என்றாள்.

"சரி" என்றேன்.

உள்ளே போனதும் அந்தப் பெண் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடலியே அண்ணாச்சி."

போட்டேன். அதை மட்டும் தமிழில் போட்டேன்.