வாய் திறந்து தூங்கியவரின் கையெழுத்து

கிள்ளானில் ஓர் ஓவியர் வீட்டு வாசலில் எங்கள் லோரி நின்றுகொண்டிருந்தது. ஓவியத்தைச் சுற்ற பபிள் ராப், தூக்க வெள்ளைக் கையுறை எல்லாம் தயார். ஓவியர் ஸ்டீபன் மாஸ்டர் மட்டும் தயாராக இல்லை.

"மிஸ், கொஞ்சம் மெதுவா பேசுங்க. ஆன்டி கிச்சன்ல இருக்காங்க" என்று கிசுகிசுத்தார். ஆன்டி என்றது தன் மனைவியை.

நான் கோலாலம்பூரில் ஒரு பொது ஓவியக்கூடத்தில் ரெஜிஸ்ட்ராராக இருந்து ஓய்வு பெற்றவள்; இது வேலையில் இருந்தபோது நடந்தது. கூடத்தில் சேரும் ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று பதிந்து வைக்கிற வேலை. சுற்றிப் பார்க்க வரும் மாணவர்கள், "பிடிச்சா உடனே வாங்கிருவீங்களா மிஸ்?" என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்ததையெல்லாம் வாங்க முடிந்திருந்தால் கூடம் முழுக்கப் பூனைப் படமாகத்தான் தொங்கும். ஓவியர் விண்ணப்பிப்பார், அல்லது எங்கள் கியூரேட்டர் தேடிப் பிடிப்பார். இந்தப் படம் ஏன் வேண்டும் என்று கியூரேட்டர் எழுதிக் கொடுக்க, கமிட்டி கூடி வாதாடி, டீ குடித்து, மறுபடியும் வாதாடும். கமிட்டி சரி என்ற பிறகு பூஞ்சை, கரையான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, கொடுப்பவர்தான் உண்மையான ஓனரா என்று பார்ப்பது என் வேலை. அதனால் எல்லோரும் படத்தின் முகத்தைப் பார்க்கும்போது நான் முதுகைப் பார்ப்பேன்.

மாஸ்டர் மூன்று படங்களின் போட்டோ அனுப்பியிருந்தார். இரண்டில் துறைமுகக் கப்பல்கள். மூன்றாவதில் ஒரு பெண் சோபாவில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்குகிறார். கமிட்டி தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தே மாஸ்டரின் காலம் போயிருந்தது. தன் படம் ஒன்றாவது நாட்டின் கூடத்தில் தொங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆனால் தூங்குகிற அந்தப் பெண் அவர் மனைவி மேரி. மனிதர் பயந்துபோய், வீட்டில் கப்பல் படம் போவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்த படத்தை வெளியே எடுத்தேன். பூஞ்சை இல்லை. முதுகைத் திருப்பினால், பெயிண்டில் எழுதியிருந்தது: "மேரிக்கு, நம் கல்யாண நாளில். இது உன்னுடையது."

"மாஸ்டர், கிஃப்டா குடுத்தீங்களா?"

"ஆமா."

"அப்ப ஓனர் ஆன்டிதான். அவங்க கையெழுத்து இல்லாம எடுக்க முடியாது."

மாஸ்டர் என்னை ஏதோ தூக்குத் தண்டனை விதித்தவளைப் போலப் பார்த்தார். அதற்குள் கையில் கரண்டியோடு மேரி ஆன்டியே வந்துவிட்டார்.

"கப்பல் எங்கங்க?" படத்தைப் பார்த்ததும் குரல் ஏறியது. "இத யாரும் பாக்கக்கூடாதுன்னுதானே பின்னால வெச்சேன்! நான் வாய தொறந்து தூங்குறத இனிமே நாடே பாக்கணுமா? ஃபாதர் வருவாரு, சர்ச் லேடீஸ் வருவாங்க. முடியாது லா!"

மாஸ்டர், கையுறை போட்ட எங்கள் பையன்களைப் பார்த்து, "சரி, வெச்சிருங்கப்பா" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் தர விரும்பாத ஓனரை நாங்கள் வற்புறுத்தக்கூடாது. கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். நல்லவேளையாக ஆன்டி கேட்டார்.

"அவங்களுக்கு வேற படமே கெடைக்கலயா? எதுக்கு இத எடுத்தாங்க?"

"வாயப் பத்தி யாரும் பேசல ஆன்டி. ஷூவத்தான் பாத்தாங்க. கமிட்டித் தலைவி ஒரு மலாய் அம்மா. 'ஒரு ஷூவ கழட்டியிருக்காங்க, இன்னொண்ண கழட்டறதுக்குள்ள தூங்கிட்டாங்க. எங்கம்மாவும் இப்படித்தான்'னு சொன்னாங்க."

ஆன்டி நர்ஸாக இருந்தவர். வருஷக்கணக்கில் நைட் ஷிஃப்ட். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தருகே குனிந்தார். ஒரு கால் வெறுமையாக இருந்தது. மற்றதில் வெள்ளை ஷூ, அவிழ்க்காத முடிச்சோடு.

"ஷூவயும் வரைஞ்சீங்களா?"

"நீ வாயத்தானே பாத்த."

ஆன்டியின் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான். அவர் உடனே கரண்டியை என்னிடம் நீட்டி, "இதப் புடிங்க, பேனா குடுங்க. ஆனா என் பேர எங்கயும் எழுதக்கூடாது" என்றார். படத்துக்கு 'நைட் ஷிஃப்டுக்குப் பின்' என்று பெயர் வைத்தோம்.

படம் மாட்டிய பிறகு இருவரும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தார்கள். ஆன்டி முதலில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்தார். படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றார். அப்போதும் யாரும் பார்க்கவில்லை.

"ஒருத்தருக்கும் தெரியல மிஸ். இவருக்கு ஒழுங்கா வரையத் தெரியல" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கால் வலிக்கிறது என்று ஒரு செருப்பைக் கழற்றினார். ஏர்கான் குளிர். அப்படியே தூங்கிப்போனார்.

முதலில் ஒரு மாணவி படத்தைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். பிறகு தோழிகளைக் கூப்பிட்டாள். சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. எழுப்பப் போன செக்யூரிட்டி கார்டை மாஸ்டர் கைகாட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தின் முதுகைப் பாருங்கள். படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால், கமிட்டி கூடுவதற்கு முன்பே அவரைக் கேளுங்கள்.

அன்று ஆன்டி திடீரென்று கண் விழித்தார். சுற்றிலும் இத்தனை முகங்கள்.

"என்னை என்னத்துக்குப் பாக்குறீங்க? படம் அங்க இருக்கு லா!"