பணியாரத்துக்கு எதற்கு முன்னுரை?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் வள்ளியம்மை காரைக்குடிப் பெண். பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். பேகம்பேட்டில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, மாலைநேரத்தில் வீட்டிலேயே பணியாரம் சுட்டு விற்கத் தொடங்கினாள். தெருவிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் தினமும் அறிவிப்பு எழுதுவாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. மருமகள் ஷர்மிளா வாசித்துக் காட்டுவாள். "மனித வாழ்விற்கு உணவு இன்றியமையாதது" என்று தொடங்கும். அடுப்பில் குக்கர் விசிலடித்து அடங்கினாலும் அறிவிப்பில் பணியாரம் என்ற பேச்சே வராது. வாங்க ஆளும் வராது.

ஒருநாள் வள்ளியம்மை கண் கலங்க வந்து நின்றாள். "இன்னைக்கும் மாவு மீந்தா, மறுபடி வேலை தேடிக்கப்போறேன் ஆச்சி."

அன்றும் நீளமாகத்தான் எழுதினாள். இங்கேயே பிறந்து வளர்ந்த எதிர்வீட்டு டேனியல், இந்த ஊர் உருதுவும் கலந்து குழுவில் பதில் போட்டான்: "கட்டுரை நக்கோ, வேணாம் அக்கா. பணியாரம் இருக்கா, இல்லையா?"

வந்த கோபத்தில் அவள் எழுதினாள்: "இருக்கு. வெங்காயம், கடுகு தாளிச்சது. கல்லு காயுது, வந்து தின்னு."

டேனியல் மட்டுமா வந்தான்? மாடிப்படி முழுக்க ஆட்கள். மாவுப் பாத்திரத்தைச் சுரண்டி ஊற்றினாள்.

"முன்னுரை இல்லாம அரைகுறையா எழுதிட்டேனே ஆச்சி."

"பாத்திரம் காலியாச்சா இல்லையா? அப்ப முழுசாத்தான் எழுதியிருக்கே."

மறுநாள் ஷர்மிளா வாசித்தாள்: "இன்னைக்கு வெல்லப் பணியாரமும் இருக்கு."

மிச்சத்தையும் படி என்று நான் சொல்வதற்குள், அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள்.